கோஸ் சாப்பிட்டால் வயிறு உப்புகிறது, விட்டுவிடலாமா?

கேள்வி: மலச்சிக்கலுக்குக் காய்கறியைக் கூட்டச் சொன்னார் மருத்துவர். ஒரு வாரமாக தினமும் முட்டைக்கோஸ் கூட்டு அல்லது காலிஃபிளவர் பொரியல். வயிறு மத்தளம்போல் உப்புகிறது. காற்றுப் பிரிந்தால் நாற்றம் தாங்கவில்லை. "வாயுக் காய், விட்டுவிடு" என்கிறார் மாமியார். (அவர் இதய வால்வு அறுவைக்குப் பிறகு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்.) ஆனால் சென்னை பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிட்டால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. அதிலும் கோஸ்தானே?
- வாசகி, வியாசர்பாடி

பதில்: விட்டுவிடாதீர்கள், சகோதரி. அளவைக் குறையுங்கள், அது போதும்.

உங்கள் கேள்விக்கு விடை அந்த அத்தோ தட்டிலேயே இருக்கிறது. நூடுல்ஸோடு பிசைந்து தரும் பச்சைக் கோஸ் ஒரு கைப்பிடிதான் இருக்கும். வீட்டுக் கூட்டிலோ கிண்ணம் நிறைய கோஸ், கூடவே கடலைப்பருப்பு. கோஸ், பருப்பு இரண்டிலும் ராஃபினோஸ் என்ற சர்க்கரை உண்டு. அதைச் செரிக்கும் நொதி நம் உடலில் சுரப்பதில்லை. அது அப்படியே பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. அவை தின்று நொதிக்கச் செய்யும்போது வாயு உண்டாகிறது. நாற்றத்துக்குக் காரணம் இந்தக் காய்களில் உள்ள கந்தகச் சேர்மங்கள்.

ஆனால் அதே பாக்டீரியாக்கள் நார்ச்சத்தைத் தின்று பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தையும் தருகின்றன. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு முதன்மை எரிபொருளே அதுதான். வாயுவுக்குப் பயந்து காயை நிறுத்தினால் அந்தச் செல்களின் சாப்பாட்டில் கைவைக்கிறோம். எனக்கு மனம் ஒப்பவில்லை.

கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, நூல்கோல், கடுகு எல்லாம் ஒரே குடும்பம். 2009-இல் வெளியான ஓர் ஆய்வில் 17 பேருக்கு 14 நாள் இந்தக் குடும்பக் காய்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். குடல் பாக்டீரியாக் கூட்டமே மாறியது. மாறிய விதமோ ஆளுக்கு ஆள் வேறாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒத்துக்கொள்ளும் அளவு உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போவது இதனாலும் இருக்கலாம்.

இந்தக் காய்களின் தனிச்சிறப்பு குளுக்கோசினோலேட் என்ற கந்தகச் சேர்மம். அரிந்ததும் காயிலேயே உள்ள ஒரு நொதி அதை உடைத்து, கடுகுபோல் காரமான சேர்மங்களாக்குகிறது. பச்சை முள்ளங்கியைக் கடித்தால் மூக்கில் ஏறுகிறதே, அதுதான். அவற்றில் சில, குடல் சுவரைக் காவல் காக்கும் நோய் எதிர்ப்புச் செல்களுக்குத் துணைபுரிவதை எலிகளில் கண்டிருக்கிறார்கள். கொதிக்கவைத்தால் நொதி அழிந்துவிடும். மிச்ச வேலையைக் குடல் பாக்டீரியாக்கள் ஓரளவே செய்கின்றன. ஆகவே கோஸை அரிந்து அரைமணி நேரம் அப்படியே வைத்துவிட்டுப் பிறகு அடுப்பில் ஏற்றுங்கள். வேகவைத்த நீரைக் கொட்டாதீர்கள். தாளித்த கடுகில் மணம் உண்டு, நொதி இராது. இறக்கிய பொரியலில் பச்சைக் கடுகுப்பொடி ஒரு சிட்டிகை தூவினால் நொதி கிடைக்கும்.

முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு மேசைக்கரண்டி, பருப்பில்லாமல். வயிறு பழகியபின் கூட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் குறைந்தால் நார்ச்சத்தே மலத்தை இறுக்கிவிடும், கவனம். பச்சையாகச் சாப்பிடுவதென்றால் மேலிதழ்களை நீக்கி, இதழ் இதழாக ஓடும் நீரில் கழுவுங்கள். வயிற்றுப்போக்கு உள்ள நாளில் பச்சைக் கோஸ் வேண்டாம், அத்தோவும் வேண்டாம். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, தூக்கத்தைக் கலைக்கும் வலி என்று ஏதேனும் இருந்தால் கோஸைப் பற்றி யோசிக்காமல் ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போங்கள்.

மாமியார் விஷயம் வேறு. இந்தக் காய்களிலும், கீரைகளில் இன்னும் அதிகமாகவும் வைட்டமின் கே உண்டு. அவருடைய மாத்திரை வார்ஃபரின் வகையானால் அந்த வைட்டமின் திடீரென்று கூடினாலும் குறைந்தாலும் மாத்திரையின் வேலை மாறும். உங்களுக்காகக் கூட்டிய கோஸை அவர் தட்டிலும் அதே அளவில் வைத்துவிடாதீர்கள். இதுவரை எவ்வளவு சாப்பிட்டாரோ அவ்வளவே சாப்பிடட்டும். அடுத்த ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.