ஸ்தோத்திரம் சொல்ல வாய் வரவில்லையே! – வாசகர் கேள்வி பதில்

கே: என் கணவருக்கு வேலை போய் ஏழு மாதம் ஆகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் "ஸ்தோத்திரம் சொல்லுங்கள்" என்கிறார்கள். எனக்கோ ஜெபிக்க உட்கார்ந்தால் அழுகைதான் வருகிறது. இது அவிசுவாசமா?
– வாசகி, நாசரேத்

ப: இல்லை சகோதரி. அழுகையே ஜெபமான சங்கீதங்கள் வேதத்தில் எத்தனையோ உண்டு. 13ஆம் சங்கீதத்தை எடுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டும் முறையீடு. "எதுவரைக்கும்" என்று நான்கு தடவை கேட்கிறார் தாவீது. அடுத்த இரண்டும் விண்ணப்பம்: நோக்கிப்பாரும், செவிகொடும், கண்களைத் தெளிவாக்கும். கடைசி இரண்டில்தான் நம்பிக்கையும் பாட்டும்.

இதே வரிசையில் ஒரு நோட்டில் எழுதுங்கள். இருபது நிமிடம் போதும். "கஷ்டமாயிருக்கிறது ஆண்டவரே" என்று மொத்தமாகச் சொல்லாமல், "வாடகை இரண்டு மாதம் பாக்கி, வீட்டுக்காரர் முகத்தில் விழிக்கவே கூசுகிறது, எதுவரைக்கும்?" என்று உள்ளதை உள்ளபடி கொட்டுங்கள். விண்ணப்பம் இன்றைக்கு வேண்டிய ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். நம்பிக்கை வரிக்கு, கர்த்தர் முன்பு நடத்திவந்த ஒரு சம்பவத்தை வருஷத்தோடு குறித்துவையுங்கள்.

பலர் சறுக்குவது, முதல் நான்கு வசனத்தைத் தாண்டி ஐந்தாவதுக்குக் குதிப்பதில்தான். அழுத்திவைத்த கசப்பு, பிள்ளைகள்மேல் எரிச்சலாக வெளியே வரும். நம்பிக்கை வரி எழுத வராத நாளில் விண்ணப்பத்தோடு நோட்டை மூடிவிடுங்கள். 88ஆம் சங்கீதம் கடைசி வரிவரை விடியாமலே முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்துத்தானே இருக்கிறார்கள்!

கே: "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று அறிக்கையிட்டு ஆரம்பித்த கடை, நஷ்டத்தில் மூடியாயிற்று. வசனம் ஏன் பலிக்கவில்லை?
– வாசகர், மதுரை

ப: வசனம் காலண்டரில் தனியாக அச்சாகி வருவதன் வினை இது. பிலிப்பியர் 4ஆம் அதிகாரத்தை 11ஆம் வசனத்திலிருந்து படியுங்கள். எழுதுகிற பவுல் காவலில் இருக்கிறார். "எல்லாம்" எது என்று 12இல் அவரே சொல்கிறார்: தாழ்ந்திருப்பது, வாழ்ந்திருப்பது, திருப்தியாயிருப்பது, பட்டினியாயிருப்பது. கடை ஓடும் என்ற உத்தரவாதம் அதில் இல்லை. கடை மூடிய பிறகும் நொறுங்காமல் நிற்கிற பெலன் இருக்கிறது. மனரம்மியமாயிருக்கக் "கற்றுக்கொண்டேன்" என்கிறார். பாடம் படிக்க நாளாகும்.

14ஆம் வசனத்தையும் விட்டுவிடாதீர்கள். உபத்திரவத்தில் நீங்கள் பங்காளிகளாயிருந்தது நலம் என்று சொல்லி, பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்துவிடம் கொடுத்தனுப்பிய உதவியைப் பவுல் வாங்கிக்கொள்கிறார். யாருக்கு எவ்வளவு கடன், என்ன வட்டி, எந்தத் தேதி என்று ஒரே தாளில் எழுதி, நம்பகமான ஒருவரிடம் இந்த வாரமே காட்டுங்கள். வெட்கப்பட்டு மறைக்கிற கடனை அடைக்க இன்னொரு வட்டிக்கு வாங்கும்போதுதான் குடும்பம் முழுகுகிறது.

கே: நாளைக்காகக் கவலைப்படக்கூடாது என்றால் சீட்டுக் கட்டுவதும் தப்பா?
– வாசகி, வேலூர்

ப: தப்பில்லை. வனாந்தரத்தில் கர்த்தர் தந்த மன்னா என்ற அப்பத்தை இஸ்ரவேலர் தினமும் ஆளுக்கு ஓர் ஓமர், அதாவது ஏறத்தாழ இரண்டு லிட்டர், சேர்த்தார்கள். மீத்துவைத்தது புழுத்து நாறியது. ஆனால் மறுநாள் ஓய்வுநாளுக்காக ஆறாம் நாளில் இரண்டு ஓமர் சேர்க்கச் சொன்னவரும் கர்த்தரே. அது நாறவில்லை (யாத்திராகமம் 16). சீட்டு ஆறாம் நாள் கணக்கில் சேரும். ராத்திரி இரண்டு மணிக்கு விழித்து அடுத்த வருஷப் பள்ளிக் கட்டணத்தைக் கணக்குப்போடுவதுதான் புழுக்கிற மன்னா. தலைமாட்டில் தாளும் பேனாவும் வையுங்கள். வந்த கவலையை எழுதி, அதில் நாளைக்குச் செய்யக்கூடிய ஒன்றை மட்டும் கோடிட்டுவிட்டு, 23ஆம் சங்கீதத்தை மெதுவாகச் சொல்லிக்கொண்டே படுங்கள்.

கே: தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்தால் தேவலை என்று தோன்றுகிறது. டாக்டரிடம் போனால் விசுவாசக் குறைவாகுமா?
– பெயர் வேண்டாம்

ப: ஆகாது. இன்றைக்கே போங்கள், தனியாகப் போகாதீர்கள். வீட்டில் ஒருவரிடம் இதே வார்த்தைகளில் சொல்லி, இரவும் கூடவே இருக்கச் சொல்லுங்கள். 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்; எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. சூரைச்செடியின் கீழ் "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா மறுபடி தூங்கினான். தூதன் இரண்டாந்தரம் வந்து தட்டியெழுப்பி, இன்னும் சாப்பிடச் சொன்னான்.