உயரமானவர்களுக்கு ஏற்ற செடான்: கேள்விகளும் பதில்களும்

கேள்வி (தக்கலை): அண்ணா, என் உயரம் 6 அடி 2 அங்குலம். ஷோரூமில் ஒரு செடானில் (டிக்கி பின்னால் தனியே நீண்டிருக்கும் தாழ்வான கார்) உட்கார்ந்து பார்த்தபோது வசதியாகத்தான் இருந்தது. அது போதாதா?

பதில்: போதாது, தம்பி. நிற்கிற வண்டியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் எந்த இருக்கையும் சுகமாகத்தான் தெரியும். முதலில் ஓட்டுநர் இருக்கையை முழுவதும் கீழே இறக்குங்கள். பிரேக்கை அடிவரை மிதிக்கும்போதும் முழங்கால் சற்று மடங்கியே இருக்குமாறு இருக்கையை நகர்த்தி, தோள்பட்டை சாய்மானத்தை விட்டு விலகாமல் கையை நீட்டினால், மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல் விளிம்பில் படவேண்டும். நெடிய கால் உள்ளவர்களுக்கு இவ்விரண்டும் ஒருசேர அமைவது எளிதன்று. காலுக்காக இருக்கையைப் பின்னே தள்ளினால் ஸ்டீயரிங் எட்டாமல் முதுகு கூனும். ஆகவே மேலும் கீழும் மட்டுமன்றி நம்மை நோக்கியும் இழுக்கக்கூடிய ஸ்டீயரிங் உங்களுக்குக் கட்டாயத் தேவை. நீங்கள் வாங்கவிருக்கும் வேரியண்டிலேயே (ஒரே மாடலின் பல வகைகளில் ஒன்று) அது உண்டா என்று கையால் இழுத்துப் பார்த்து உறுதி செய்யுங்கள். ஹெட்ரெஸ்ட்டை (தலைதாங்கியை) முழுதாக உயர்த்தினால் அது தலையின் பின்புறம் வரை எட்டுகிறதா என்பதையும் பாருங்கள். கழுத்தோடு நின்றுவிட்டால், பின்னாலிருந்து ஒரு வண்டி மோதும்போது அது காக்காது.

கேள்வி (நாகர்கோவில்): அண்ணாச்சி, மகன் சன்ரூஃப் (கூரையில் திறந்து மூடும் கண்ணாடி) வேண்டும் என்கிறான். அவனும் ஆறடிக்கு மேல். வாங்கலாமா?

பதில்: கண்ணாடி நழுவிச் செல்லும் சட்டத்துக்கு இடம் விடுவதற்காக உட்கூரை தாழ்ந்துவிடும், உயரமானவர்களுக்கு அந்தச் சில சென்டிமீட்டரே பெரிது. சன்ரூஃப் உள்ள ஒரு வண்டியை நான் ஓட்டிப் பார்த்தபோது, வில்லுக்குறிப் பக்கம் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் உச்சந்தலை கூரைத் துணியில் உரசியது. ஷோரூமில் அதே இருக்கையில் இரண்டு விரல் இடைவெளி இருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தபின் நான்கு விரல் இடைவெளியாவது இருந்தால் மட்டும் வாங்குங்கள். சன்ரூஃப் இல்லாத வேரியண்டிலும் மகனை உட்கார வைத்துப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

கேள்வி (மார்த்தாண்டம்): டெஸ்ட் டிரைவுக்கு எந்த வழி நல்லது?

பதில்: மேம்பாலத்தில் ஒருமுறை போய்த் திரும்பினால் எஞ்சின் தெரியும், இருக்கை தெரியாது. குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறைச் சாலையில் ஏறுங்கள். வளைவுகளில் இடது முழங்கால் நடுக் கன்சோலில் (முன் இருக்கைகளுக்கு நடுவே உள்ள மேடு) இடிக்கிறதா, வலது முழங்கால் கதவில் இடிக்கிறதா, தொடையின் பாதிக்கு மேல் தாங்கலின்றித் தொங்குகிறதா என்பதெல்லாம் அரை மணி நேரத்துக்குப் பிறகுதான் உடம்புக்குத் தெரியும். ஊர்ச் சந்திப்புகளில் இன்னொன்றையும் கவனியுங்கள்: உயரமானவரின் கண்மட்டத்துக்கே உள்கண்ணாடி வந்துவிடுவதால், இடப்பக்கமிருந்து வரும் இருசக்கர வண்டி அதன் பின்னால் மறைந்துபோகும். நம் குறுகலான சாலைகளில் இதை நான் மிகவும் அஞ்சுகிறேன்.

கேள்வி (குளச்சல்): ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா, ஸ்கோடா ஸ்லாவியா, ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் இவற்றில் பின் இருக்கைக்கு எது நல்லது?

பதில்: வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான நீளம், சிட்டிக்கு 2600 மி.மீ., ஸ்லாவியா, விர்டஸ் இரண்டுக்கும் 2651, வெர்னாவுக்கு 2670. இந்த வரிசையை நம்பி முடிவெடுக்காதீர்கள். வெர்னாவின் கூரை பின்னால் சரிந்து இறங்குவதால், கால் நீட்ட இடம் தாராளமாக இருந்தும் தலை முட்டக்கூடும். வீல்பேஸ் குறைந்த சிட்டியிலோ பின் இருக்கை விசாலமாகவே இருக்கும். முன் இருக்கையை உங்கள் அளவுக்கு வைத்து, அதை அசைக்காமல், அதன் பின்னால் நீங்களே ஏறி உட்கார்ந்து பாருங்கள்.

கேள்வி (அருமனை): அப்பாவும் நெடியவர், மூட்டுவலி உள்ளவர். செடான் சரிவருமா?

பதில்: தாழ்ந்த இருக்கையிலிருந்து எழுவது மூட்டுவலிக்காரருக்குச் சிரமம். தலையைக் குனிந்து, முழங்காலை மடக்கி, உடம்பைத் திருப்பி ஏறவேண்டியிருப்பதால், உயரம் கூடக்கூட அந்தச் சிரமமும் கூடும். அவரையும் டெஸ்ட் டிரைவுக்கு அழைத்துச் சென்று, வழக்கம்போல வேட்டி கட்டியபடியே நான்கைந்து முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். எழும்போது கதவைப் பிடித்துத் தொங்கினார் என்றால், சற்று உயரமான இருக்கை உள்ள வேறு வகை வண்டியைப் பாருங்கள், தம்பி.