பி பாசிட்டிவ் தம்பிக்கு ஓ ரத்தம் ஏற்றியது சரியா?

கேள்வி: புதுச்சேரியிலிருந்து பைக்கில் திரும்பிய தம்பி மீது லாரி மோதி, தொடை எலும்பு முறிந்து நிறைய ரத்தம் போய்விட்டது. அவன் பி பாசிட்டிவ். ஆனால் முதலில் இரண்டு பை ஓ பாசிட்டிவ் ஏற்றினார்கள். பின்னால் ஏதாவது வருமா? வாசலில் ஒருவர், பணம் கொடுத்தால் பி பாசிட்டிவ் ஆளை உடனே வரவழைப்பதாகச் சொன்னார். மறுத்துவிட்டோம். அது தப்போ என்று அம்மா புலம்புகிறார். (வாசகர், கடலூர் முதுநகர்)

பதில்: ஓ ரத்தம் ஏற்றியதும் சரி, நீங்கள் மறுத்ததும் சரி. அம்மாவிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

ஓ க்ரூப் சிவப்பணுக்களில் ஏ, பி என்ற அடையாளங்கள் கிடையாது. அதனால் பி க்ரூப் உடம்பு அவற்றை எதிர்க்காது. ஏற்றப்போகும் ரத்தம் நோயாளியின் ரத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் கிராஸ் மேட்ச் சோதனை முழுதாக முடிய முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகும். முறிந்த தொடைக்குள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் கசியலாம். அதுவரை எப்படிக் காத்திருப்பது? ஏற்றிய அணுக்கள் நாலு மாதத்துக்குள் அழிந்துவிடும். தம்பி பி பாசிட்டிவாகவே இருப்பார்.

அடிபட்டது தங்கையாக இருந்தால் மட்டும் என் பதில் வேறு. பிள்ளை பெறும் வயதுப் பெண்ணுக்கு க்ரூப் தெரியாதபோது ஓ நெகட்டிவ்தான் கொடுக்க வேண்டும். அவர் நெகட்டிவாக இருந்து பாசிட்டிவ் ரத்தம் ஏறினால் உடம்பில் எதிர்ப்பொருள் உருவாகலாம். பிறகு வயிற்றில் வளரும் குழந்தை பாசிட்டிவாக இருந்தால், அது குழந்தையின் ரத்தத்தைச் சிதைக்கும். நெகட்டிவ் கிடைக்கவில்லை, உயிர் போகிறது என்றால் பாசிட்டிவையும் ஏற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த விவரத்தை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள். கர்ப்பமானதும் முதல் செக்கப்பிலேயே காட்டுங்கள்.

இப்போது அந்த வாசல் ஆள். காசுக்கு ரத்தம் கொடுப்பது உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 1998 ஜனவரி முதல் தடை. ஆனாலும் புரோக்கர்கள் போகவில்லை. மூன்று மாதமாக ரத்தம் கொடுக்கவில்லை என்று என்னிடம் சாதித்த ஒருவரின் முழங்கை மடிப்பில், சட்டைக்கையை ஏற்றியதும் அதே வாரத்து ஊசித் தழும்பு. காசுக்காக வருகிறவர் நோயையும் மறைப்பார். எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமிகள், மேகநோய், மலேரியா எல்லாவற்றுக்கும் சோதனை உண்டுதான். ஆனால் கிருமி தொற்றிய புதிதில் சோதனையிலும் அது தப்பிவிடலாம். அப்புறம், ‘உடனே’ என்பதே பொய். எடுத்த ரத்தத்தைச் சோதிக்காமல் ஏற்ற முடியாது, அதற்கே சில மணி நேரம் போகும். தம்பியைக் காப்பாற்றியது ஃப்ரிட்ஜில் தயாராக இருந்த பைதான்.

அந்தப் பையை இருப்பில் வைப்பது மருத்துவமனையின் பொறுப்பு. ‘நாலு டோனரைக் கூட்டி வாங்க’ என்று நள்ளிரவில், கைலியில் ரத்தக் கறையோடு நிற்கும் அண்ணனிடம் சீட்டை நீட்டுவதை எத்தனை வருஷம்தான் பார்ப்பது? புரோக்கருக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதே அந்தச் சீட்டுதான்.

தம்பிக்கு அடுத்த ஆபரேஷன் இருந்தால், எத்தனை பை தேவை என்று இரண்டு நாள் முன்பே கேட்டு, ரத்தம் தேவை என்று டாக்டர் எழுதித் தரும் சீட்டை நீங்களே ரத்த வங்கியில் கொடுங்கள். ரத்தத்துக்கு விலை கிடையாது, பதப்படுத்தும் கட்டணம் மட்டும்தான். ரசீது தராதவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.