பனியாறு பின்வாங்கிய வெறும் கல்தரையில் செடி எப்படி வருகிறது?

செடிக்கு முன்பே நுண்ணுயிரிகள் வந்துவிடுகின்றன. பெருவின் ஆண்டிஸ் மலையில், சுமார் 5,000 மீட்டர் உயரத்திலுள்ள புக்கா பனியாற்றின் முன்னால், பனி விலகிய சில ஆண்டுகளிலேயே சயனோபாக்டீரியாக்கள் பெருகிவிட்டன. செடிகள் வந்தது வெகுகாலம் கழித்துத்தான். இந்தச் சயனோபாக்டீரியாக்கள் வெயிலில் உணவு தயாரிக்கும் நுண்ணுயிரிகள். சில வகைகள் காற்றிலுள்ள நைட்ரஜனையும் பிடித்து மண்ணில் சேர்க்கும். இவை கசியவிடும் பசை மணல் துகள்களை ஒட்டவைத்து, மேலே ஏடுபோல மெல்லிய பொருக்காக்கிவிடும். அதனால் ஈரம் தங்கும், காற்றும் தூளை வாரிக்கொண்டு போகாது.

சரி, நைட்ரஜன் வந்தால் போதுமா? எனக்கு மிகவும் வியப்பான இடமே இதுதான். புக்காவில் பாஸ்பரஸ் இட்டுப் பார்த்தபோதுதான் செடி வளர்ச்சி வேகம் பிடித்தது. பாறையில் பாஸ்பரஸ் உண்டு, ஆனால் கனிமத்துக்குள் சிக்கிக் கிடக்கிறது. பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் சுரக்கும் அமிலங்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தெடுக்க வேண்டும். அந்தக் குளிரில் அது ரொம்ப மெதுவாகத்தான் நடக்கும்.