கர்ப்பத்தில் நான் பால் குடிக்காததால்தான் மகனின் பால்பற்கள் சொத்தையாகிவிட்டனவா?

தங்கச்சி, மூன்று வயது மகனுக்கு மேல் முன்பற்கள் கறுத்துவிட்டன, மாமியார் உங்கள் கர்ப்பகாலச் சாப்பாட்டைக் குறை சொல்கிறார், இப்போது மறுபடி ஐந்தாம் மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் என் மூத்தவன் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

அப்போது மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்தோம். அவனுக்கும் மேல் முன்பற்கள் நான்கும் பழுப்பேறி ஈறு வரைக்கும் கரைந்துபோயின. "மாசமா இருந்தப்போ தேத்தண்ணியும் பிஸ்கட்டுமா இருந்தா, அதான்" என்று வீட்டில் பேச்சு. வாந்தியில் எனக்கு எதுவும் தங்கவில்லை என்பது உண்மைதான். அதனால் நானும் நம்பிவிட்டேன். ஒரு வருடம் அந்தக் குற்ற உணர்ச்சியோடு இருந்தேன்.

பல் கிளினிக்கில் இருந்த மிஸ்ஸி (நர்ஸ்) அவன் கீழுதட்டை விரலால் இழுத்துக் காட்டினார். கீழ் முன்பற்கள் அரிசி மாதிரி வெள்ளையாக இருந்தன. "கர்ப்பத்துல வந்த குறைன்னா கீழ்ப் பல்லை மட்டும் விட்டு வைக்குமாம்மா? ராத்திரி போத்தல்ல என்ன குடுக்குறீங்க?" என்று கேட்டார். இனிப்பு டின் பால் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வாயில் போத்தலோடுதான் தூங்குவான்.

பிள்ளை சப்பும்போது நாக்கு கீழ்ப் பற்களை மூடிக்கொள்ளும். நாக்கின் அடியில் சுரக்கும் எச்சிலும் அவற்றைக் கழுவிக்கொண்டே இருக்கும். மேல் பற்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. தூக்கத்தில் எச்சில் குறைந்துவிடும், இனிப்புப் பால் அவற்றின் மேலேயே தேங்கி நிற்கும். மைலோ, சீனி போட்ட தேத்தண்ணி, பெட்டிப் பழச்சாறு எல்லாம் இதே கதைதான். 2015-இல் மலேசியாவில் எடுத்த கணக்கெடுப்பில் ஐந்து வயதுப் பிள்ளைகளில் 71.3 விழுக்காட்டினருக்குச் சொத்தை இருந்தது. அத்தனை தாய்மாருமா மாசமாக இருந்தபோது சரியாகச் சாப்பிடவில்லை?

அதற்காகக் கர்ப்பகாலச் சாப்பாடு முக்கியமில்லை என்று ஆகிவிடாது. பால்பற்கள் இருபதுக்கும் வயிற்றிலேயே அடிப்படை போடப்படுகிறது. நான்காம் மாதவாக்கில் அவை கெட்டியாகத் தொடங்கும். அந்தச் சமயத்தில் குறை இருந்தால் பல்லின் மேல்பூச்சில் குழியோ கோடோ விழும், பெரும்பாலும் ஒரே காலத்தில் உருவான பற்களில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. டென்மார்க்கில் கர்ப்பிணிகளுக்கு 24-ஆவது வாரத்திலிருந்து வைட்டமின் டி கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு வயதில் பிள்ளைகளின் பற்பூச்சில் குறை வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. ஆனால் சொத்தையில் வித்தியாசம் தெரியவில்லை. எனக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது: வயிற்றில் நல்ல பல் கட்டிக் கொடுக்கலாம், அதைக் காப்பாற்றுவது அப்புறம் போத்தலில் என்ன கொடுக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

இப்போது ஐந்தாம் மாதம் என்பதால் சொல்கிறேன். ஒரு நாளைக்குச் சுமார் 1000 மில்லிகிராம் கால்சியம் தேவை. பால் பிடிக்காவிட்டால் வற்புறுத்திக் குடிக்காதீர்கள். தயிர், தவ்ஹு (சோயாக் கட்டி), முருங்கைக்கீரை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாம் உதவும் (நெத்திலியை ஊறவைத்து உப்பைக் கழுவிவிடுங்கள்). வைட்டமின் டி மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாமல் கிளினிக்கில் கேளுங்கள். வாந்தி எடுத்ததும் பல் துலக்காதீர்கள். தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள், இல்லாவிட்டால் அமிலத்தில் இளகிய பூச்சு தேயும். பிள்ளை உங்கள் பல்லிலிருந்து கால்சியத்தை உறிஞ்சும் என்பது பொய். சாப்பாட்டில் போதாவிட்டால் எலும்பிலிருந்துதான் எடுக்கும். உங்களுக்குச் சொத்தை இருந்தால் இப்போதே கிளினிக்கில் அடைத்துக்கொள்ளுங்கள். சொத்தையை உண்டாக்கும் கிருமி, நாம் ருசி பார்த்த கரண்டி வழியாகவே பிள்ளை வாய்க்குப் போகும்.

மகனுக்கு ராத்திரிப் போத்தலை ஒரேயடியாகப் பிடுங்க வேண்டாம். நான் தினமும் கொஞ்சம் தண்ணீர் அதிகமாகக் கலந்து, இரண்டு வாரத்தில் வெறும் தண்ணீராக்கினேன். மூன்று இரவு நன்றாக அழுதான், அப்புறம் விட்டுவிட்டான். மூன்று வயதானதால், படுக்கும் முன் ஃபுளோரைடு பற்பசையைப் பட்டாணி அளவு போட்டு நீங்களே துலக்கிவிடுங்கள். கறுத்த பற்களை எப்படியும் விழும் பல்தானே என்று விட்டுவிடாமல் கிளினிக்கில் காட்டுங்கள்.

இன்றைக்கு அவன் கீழுதட்டை மெல்ல இழுத்துப் பாருங்கள். கீழ்ப் பற்கள் வெள்ளையாக இருந்தால், மாமியாரையும் பக்கத்தில் கூப்பிட்டுக் காட்டுங்கள்.