தினமும் ஜெபிக்கிறேன், வேதம் வாசிக்கிறேன். ஆனாலும் ஆண்டவரோடு நெருக்கம் வரவில்லை. என்ன செய்வது?

கேள்வி கேட்டவர், காலையில் எழுந்ததும் மூன்று அதிகாரம் வாசித்து ஜெபிப்பதாகவும், முடிக்கும்போது வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட மாதிரிதான் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறார். அந்த மூன்று அதிகாரக் கணக்கு எனக்கும் பழக்கம். ஒரு நாளைக்கு மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று போனால் வேதாகமத்தின் 1189 அதிகாரமும் ஒரு வருஷத்தில் முடிந்துவிடும். நான் இரண்டு தடவை முடித்தேன். இரண்டாவது தடவை டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் சாட்சியாகச் சொல்லிக் கைதட்டும் வாங்கினேன். "அதில் ஒரு வசனம் சொல்லுங்க" என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

நான் ஆயரும் இல்லை, இறையியல் படித்தவனும் இல்லை. சோமனூர் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவன். ஒரு ஆளுக்கு ஆறு தறி, பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். தறி ஓடுகிற இடத்தில் நின்றிருக்கிறவர்களுக்குத் தெரியும், பக்கத்தில் நிற்கிறவன் காதில் வாய் வைத்துக் கத்தினாலும் பாதிதான் கேட்கும். அதனால் நாங்கள் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். இப்படிப்பட்ட இடத்தில் "அமைதியான நேரம்" எடுங்கள் என்று கன்வென்ஷனில் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

ஒரு ராத்திரி கரண்ட் போய்விட்டது. எமர்ஜென்சி விளக்கில் அன்றைய மூன்று அதிகாரத்தை முடித்துவிடலாம் என்று திறந்தேன். யோபு 7. ஆறாவது வசனம்: "என் நாட்கள் நெய்கிறவன் எறிகிற நாடாவிலும் தீவிரமாய் ஓடுகிறது." வெளியூர்க்காரர்களுக்கு நாடா என்றால் பாவாடைக்குக் கட்டுகிறது. எங்களுக்கு அது தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி ஊடை, அதாவது குறுக்கு நூல், போடுகிற கட்டை. என் கையில் அதைப் பிடித்த காய்ப்பு இருக்கிறது. இரண்டு தடவை இதே வசனத்தை வாசித்துத் தாண்டிப் போயிருக்கிறேனே, ஒரு தடவைகூட நின்று பார்க்கவில்லையே என்று அன்றைக்கு வெட்கமாக இருந்தது.

அதைவிட முக்கியமான ஒன்று அடுத்த வசனத்தில் இருந்தது. ஆறாம் வசனம் வரைக்கும் யோபு தன் பாட்டைச் சொல்லிப் புலம்புகிறார். ஏழாம் வசனத்தில், "என் ஜீவன் காற்றைப்போலிருக்கிறதென்று நினைத்தருளும்" என்று சட்டென ஆண்டவர் பக்கமே திரும்பிவிடுகிறார். புலம்பல் அப்படியே ஜெபமாகிவிட்டது. வாசிப்பு ஒரு வேலை, ஜெபம் வேறொரு வேலை என்று நான் பிரித்து வைத்திருந்தது அங்கேதான் உடைந்தது. வாசித்ததை அப்படியே அவர் பக்கம் திருப்பிச் சொன்னால் போதும். கரண்ட் வந்தபோது மற்ற இரண்டு அதிகாரமும் பாக்கிதான். இன்றைக்கும் பாக்கிதான்.

அதற்குப் பிறகு ஷிப்டுக்கு ஒரு வசனம். அதற்கு மேல் இல்லை. நாடாவுக்குள் வைக்கிற நூல் சுற்றின குச்சியைத் தார் என்போம். ஒரு தார் ஓடித் தீர சில நிமிஷம் ஆகும். தார் மாற்றுகிறபோது ஒரு தடவை சொல்லுவேன். இழை அறுந்தால் எடுத்துப் பிணைத்துவிட்டு இன்னொரு தடவை. "இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன்" என்று முதலாம் சங்கீதத்தில் வருகிறதே, அந்தத் தியானத்துக்கு எபிரெயத்தில் இருக்கிற வார்த்தை 'ஹாகா' என்று எங்கள் ஆயர் வேதபாட வகுப்பில் சொன்னார். கண்ணை மூடிச் சம்மணம் போட்டு உட்காருவது இல்லையாம் அது. வாய்க்குள் முணுமுணுப்பது. புறா முனகுவதற்கும் சிங்கம் உறுமுவதற்கும் ஏசாயாவில் அதே வார்த்தைதான். சிங்கம் இரையை வைத்துக்கொண்டு உறுமுகிற மாதிரி ஒரு வசனத்தை வைத்துக்கொள்வது என்பது எனக்குப் பிடித்துப்போயிற்று. மூன்று அதிகாரத்தை வைத்து உறும முடியாது.

பாஷையைப் பற்றியும் சொல்ல வேண்டும், பலர் இதைப் பேசுவதில்லை. சபையில் "தேவரீர், உம்முடைய சமுகத்திலே" என்று ஜெபிக்கிறோம். அழகான பாஷைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஊரில் பெற்ற அப்பனைக்கூட யாரும் 'நீர்' என்று கூப்பிடுவதில்லை. "வாங்கப்பா, சாப்பிட்டீங்களா" என்பதுதான் மரியாதையும் பாசமும். தனியாக ஜெபிக்கும்போதும் மேடையில் நின்ற மாதிரி பேசிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே உறைக்கவில்லை. ஒருநாள் தவணை கட்ட வழியில்லாத எரிச்சலில் "ஏனுங்கப்பா, என்ற நிலைமை உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்று வாயில் வந்துவிட்டது. சொன்னதும் பயந்தேன். பிறகு, முதன்முதலாக அவரிடம் பேசின மாதிரியே இருந்தது. சபையில் இன்றும் 'நீர்'தான். தறிக்குடோனில் 'நீங்க'.

2022 ஜனவரியில் கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் மாவட்டத்தில் தறிகள் நின்றன. வாரக்கணக்கில் நின்றன. இனி ஜெபிக்க நேரமே நேரம் என்று நினைத்தேன். உட்கார்ந்தால் ஒரு வார்த்தை வரவில்லை. தறிச் சத்தம் இல்லாத ஊரே என்னவோ போலக் கிடந்தது. வீட்டுக்குள் உட்கார்ந்தால் கடன்காரன் முகம்தான் வந்தது. சத்தம்தான் தடை என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு, நிசப்தம் அதைவிடப் பெரிய தடையாக இருந்தது. அப்போது உதவினது எங்களோடு தார் சுற்றுகிற அக்கா. கத்தோலிக்கர், கருமத்தம்பட்டி மாதா கோயில்காரர். நாங்கள் 'ஜெபம்' என்போம், அவர் 'செபம்' என்பார். அதை வைத்து இரண்டு பேரும் கேலி பேசிக்கொள்வோம். அவர், "உனக்கு வார்த்தை வரலீன்னா அடுத்தவங்க வார்த்தைய எடுத்துக்க தம்பி, நான் மணிய உருட்டற மாதிரி" என்றார். எனக்குச் செபமாலை பழக்கமில்லை. சங்கீதத்தை எடுத்துக்கொண்டேன். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று தொடங்குகிற 13-ம் சங்கீதம், மொத்தமே ஆறு வசனம். தறி ஓடத் தொடங்குகிற வரைக்கும் அதேதான்.

என் அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடித்தால் பாதிப் பொய்யாகிவிடும். அவரும் தறிக்காரர். படுக்கையில் கிடந்த கடைசி மாதங்களில் அவருக்கு ஏசாயா 38 வாசித்துக் காட்டினேன். எசேக்கியா ராஜா வியாதிப்பட்டு அழுது ஜெபிக்க, ஆண்டவர் 15 வருஷம் கூட்டிக் கொடுத்த அதிகாரம். அதைக் காட்டித்தான் நானும் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். 15 வேண்டாம், ஐந்து கொடுங்க என்று. அதே அதிகாரத்தில் ராஜா எழுதி வைத்தது வருகிறது: "நெய்கிறவன் பாவை அறுக்கிறதுபோல என் ஜீவனை அறுக்கக்கொடுக்கிறேன்." பாவு என்றால் தறியில் நீளவாக்கில் கட்டுகிற நூல். வாசித்துவிட்டு நிறுத்தினேன், தொண்டை அடைத்துக்கொண்டது. அப்பா கண்ணைத் திறக்காமலே, "பாவு தீந்தா அறுக்காம என்ன பண்றது கண்ணு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பத்து நாளில் போய்விட்டார்.

எனக்கு ஆண்டவர் மேல் கோபம். ஐந்து மாசம் வேதத்தைத் தொடவில்லை. சபைக்குப் போனேன், பாடினேன், வீட்டில் ஒன்றுமில்லை. திரும்ப எடுத்தபோதும் சமாதானமாகி எடுக்கவில்லை, சண்டை போடத்தான் எடுத்தேன். 88-ம் சங்கீதம் கண்ணில் பட்டது. மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் எங்காவது ஒரு துதியில் போய் முடியும். இது "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று இருட்டிலேயே நின்றுவிடுகிறது. இதையும் வேதத்துக்குள் விட்டு வைத்திருக்கிறாரே என்பதுதான் என்னைத் திரும்ப உட்கார வைத்தது. அப்பா விஷயத்தில் எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. ஆனால் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிற அளவுக்கு உறவு இருக்கிறது. முன்பெல்லாம் கேட்கவே தைரியம் இருந்ததில்லை.

புது வருஷத்து வாக்குத்தத்த அட்டை பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்டவர் நம்மைப் பற்றி நினைப்பது தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்கிற எரேமியா 29:11 பெரும்பாலான வீட்டுச் சுவரில் இருக்கிறது. அதற்கு முந்தின வசனத்தில் பாபிலோனில் 70 வருஷம் என்று இருப்பதை அட்டையில் அச்சடிக்க மாட்டார்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம் அது. அதைக் கேட்டவர்களில் பெரும்பாலானோர் ஊர் திரும்புவதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். முன்னும் பின்னும் வாசிக்காமல் ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்தால், நமக்கு வேண்டியதை நாமே சொல்லிக்கொண்டு ஆண்டவர் பேசினார் என்போம். நானும் அப்படித்தான் எசேக்கியாவின் 15-ஐ மட்டும் வெட்டி எடுத்தேன்.

உங்களுக்கு என்ன செய்யச் சொல்வேன்? அட்டவணையைக் கொஞ்ச நாளைக்கு மூடி வையுங்கள். மாற்கு 16 அதிகாரம்தான், அதில் ஒரு சம்பவம் ஒரு நாளைக்கு. உங்கள் வேலையில் இருக்கிற ஒரு வார்த்தை வேதத்தில் வந்தால் அங்கே நின்றுவிடுங்கள். விவசாயிக்கும் மேய்ப்பனுக்கும் மீன்காரனுக்கும் கட்டிடக்காரனுக்கும் அதில் இடம் இருக்கிறது, தறிக்காரனுக்கே இருக்கிறதே. காலையிலேயே முடிய வேண்டும் என்றும் இல்லை. இயேசு இருட்டோடே எழுந்து போய் ஜெபித்தார் என்று மாற்கு முதல் அதிகாரத்தில் இருக்கிறது, உண்மைதான். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவனுக்கு இருட்டு எப்போது என்று அவருக்குத் தெரியும். எந்த நேரமானாலும் சரி, அப்பாவிடம் எப்படிப் பேசுவீர்களோ அப்படிப் பேசுங்கள். கோபமாக இருந்தால் கோபத்தோடு.

போன மாசம் ஒரு புதுப் பையன் ராத்திரி ஷிப்டுக்கு வந்தான். மூன்றாம் நாள், தறி ஓடிக்கொண்டிருக்கும்போது எதிரில் வந்து நின்று உதட்டை அசைத்தான்: "யாருகிட்டங்ணா பேசறீங்க?" எனக்குச் சாமுவேல் புத்தகத்து அன்னாள் ஞாபகம் வந்தாள். அவள் சத்தம் வராமல் உதடு மட்டும் அசைய ஜெபிக்க, ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தாரே. நல்லவேளை இவன் அப்படி நினைக்கவில்லை என்று, "அப்பாகிட்ட" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனான். மறுநாள் வரும்போது, செத்துப்போன என் அப்பா வந்து பேசுகிறார் என்று அவன் அம்மாவிடம் சொல்லி, ஒரு மந்திரித்த கயிறு வாங்கி வந்திருந்தான்.

டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்து விளக்கினேன். ஏலியை நான் இப்போதெல்லாம் ரொம்பக் குறை சொல்வதில்லை.