லகம்பினி: கிரிகோரியா தெ ஹெசுஸ் பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: பிலிப்பைன்ஸ் புரட்சியில் ஆந்த்ரெஸ் போனிஃபாசியோவின் மனைவி என்பதைத் தாண்டி இவர் என்ன செய்தார்?

பதில்: நிறைய. ஸ்பெயின் ஆட்சியை விரட்ட 1892இல் மணிலாவில் தொடங்கிய, பின்னர் போனிஃபாசியோ தலைமை ஏற்ற ரகசியச் சங்கம் கத்திபுனான். அதன் காகிதங்களும் முத்திரையும் இவர் பொறுப்பில்தான் இருந்தன. சிக்கினால் சங்கத்தில் உள்ள அத்தனை பேரின் உயிருக்கும் ஆபத்து. சோதனைக்கு வருகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், சாப்பிடக்கூட நிற்காமல் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு குதிரை வண்டி பிடிப்பார். ஆபத்து விலகும்வரை, சில நாள் நள்ளிரவுவரைகூட, வண்டியிலேயே தெருத்தெருவாகச் சுற்றுவார். 1928இல் எழுதிய தன் வாழ்க்கைக் குறிப்பில் இதைச் சொல்கிறார். அந்த வண்டிக்காரர் என்ன நினைத்திருப்பார் என்று எனக்கு எப்போதும் ஒரு யோசனை!

கேள்வி: லகம்பினி என்பது பட்டமா?

பதில்: சங்கத்தில் அவர் வைத்துக்கொண்ட பெயர். சீமாட்டி என்று பொருள் கொள்ளலாம். தேவாலயத்தில் கல்யாணம் முடிந்தபின், சங்கத்தார் முன்னிலையில் அவர்கள் வழக்கப்படி இன்னொரு முறையும் நடந்தது. அப்போது ஏற்ற பெயர் அது.

கேள்வி: படைக்குத் தலைமை தாங்கினார் என்று படித்தேனே?

பதில்: அது பனாய் தீவின் தெரேசா மக்பனுவாவாக இருக்கும். கிரிகோரியா குதிரையேற்றமும் துப்பாக்கியும் கற்றார், வெறுந்தரையில் படுத்தார், சேற்றுத் தண்ணீர் குடித்தார். தளபதி இல்லை.

கேள்வி: போனிஃபாசியோவை ஸ்பெயின்காரர்கள்தானே கொன்றார்கள்?

பதில்: இல்லை. 1897 மார்ச்சில் தெஹெரோஸில் கூடிய புரட்சிக்காரர்களின் கூட்டம், இன்னொரு புரட்சித் தளபதியான எமிலியோ அகினால்தோவைப் புரட்சி அரசின் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. அங்கே அவமதிக்கப்பட்ட போனிஃபாசியோ அந்தத் தேர்தல் செல்லாது என்றார். அப்புறம் கைது, ராணுவ விசாரணை, மரண தண்டனை. மே 10ஆம் தேதி மராகொந்தோன் மலையில் தம்பி புரோகோபியோவோடு சுட்டுக் கொன்றது சொந்தப் புரட்சிப் படைதான். முந்தைய நாள்தான் கிரிகோரியாவுக்கு 22 வயது நிறைந்திருந்தது. கணவர் என்ன ஆனார் என்று யாரும் நேராகச் சொல்லவில்லை. மலை மலையாக ஏறி இறங்கித் தேடினார், உடல் கிடைக்கவில்லை. கைக்குழந்தையாக இருந்த ஒரே மகனை அதற்கு முன்பே அம்மைக்குப் பறிகொடுத்திருந்தார். இந்தப் பகுதியை ஒரே வரியில் கடந்துபோகும் பாடப்புத்தகங்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு.

கேள்வி: மறுமணம் செய்துகொண்டாரா?

பதில்: ஆமாம், 1898 டிசம்பரில், ஹூலியோ நக்பிலை. இசையமைப்பாளர், அவரும் கத்திபுனான்காரர். போனிஃபாசியோ கேட்டு ஒரு தேசிய கீதத்துக்கு இசையமைத்தவர். எட்டுப் பிள்ளைகள். கிரிகோரியா 1943 மார்ச்சில், ஜப்பானியர் மணிலாவைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் இறந்தார்.

கேள்வி: மணிலா போனால் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. கியாப்போவில் நக்பில் பவுதிஸ்தா வீடு என்று கேளுங்கள். ஹூலியோவின் தங்கை வாக்கப்பட்ட வீடு. இவர்களும் அங்கே வாழ்ந்தார்கள். இப்போது அருங்காட்சியகம்.